நான் போட்ட இரண்டு

2011 பிப்ரவரியில் ஓர் இரவு, என் அம்மாவுக்கு எந்த வேலையும் இல்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் ராட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவள் அம்மா.

யாரும் என்னிடம் பொய்த் தகவல் தரவில்லை. கேட்டவனும் நான், சொன்னவனும் நான், எழுதியவனும் நான்தான். இத்தனை வருஷமாக இதை வெளியே சொன்னதில்லை. அது ஒரு குற்றம் என்று எனக்கு உறைக்கவே பல வருஷம் பிடித்தது. உறைத்த பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது.

காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் நடுவில், பட்டுத் தறியை நம்பிப் பிழைத்த கிராமம் எங்களுடையது. அப்பா நெசவாளர். நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் வாத்தியார்களைத்தான் அனுப்புவார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக ஏறி இறங்கினோம். எனக்கு ஒதுக்கிய பகுதியில் எங்கள் தெருவும் இருந்தது. "உனக்குத் தெரியாததா, நீயே எழுதிக்கோ" என்று மோர் கொடுத்து அனுப்பியவர்களே அதிகம். எங்கள் வீட்டுப் படிவத்தை ராத்திரி சாப்பிட்ட பிறகு நானே நிரப்பினேன்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கடந்த ஓராண்டில் இவர் எப்போதாவது வேலை செய்தாரா? செய்தார் என்றால், என்ன வேலை? சொந்த விவசாயம் 1, விவசாயக் கூலி 2, வீட்டுத் தொழில் 3, மற்றவை 4. வேலை செய்யவில்லை என்றால் இதையெல்லாம் தாண்டி இன்னொரு கட்டத்துக்குப் போய்விடலாம். அங்கே மாணவர் 1, வீட்டு வேலை 2, பிறரைச் சார்ந்திருப்பவர் 3 என்று வேறொரு வரிசை ஓடும். அப்பாவுக்கு 'வீட்டுத் தொழில்', 3. அம்மாவுக்கு 'வீட்டு வேலை', 2. ஒரு வீட்டுக்குள் தொழில் என்பது அவருக்கும் வேலை என்பது அவளுக்கும் ஆயிற்று. இதில் வேடிக்கை, வேலை என்று எழுதப்பட்டவள்தான் வேலை செய்யாதவர்கள் கணக்கில் போய்ச் சேர்ந்தாள்.

வீட்டு வேலை என்று நான் எழுதிய அந்த வேலையைச் சொல்கிறேன்.

விடிகாலையில் தெருவில் பாவு போடுவார்கள். நீளமாக இழுத்துக் கட்டிய பட்டுப் பாவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பிரிப்பார்கள், கஞ்சி தெளிப்பார்கள், அறுந்ததை முடிவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அம்மா அங்கே நிற்பாள். அது முடிந்ததும் அடுப்பு. அடுப்பு அணைந்ததும் ராட்டை. பட்டுச் சிட்டத்தை மாட்டி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையின் விரலிடுக்கில் இழையை ஓடவிட்டுத் தார் சுற்றுவாள். அந்தத் தாரைத்தான் நாடாவுக்குள் போட்டு அப்பா இப்படியும் அப்படியும் ஓட்டுவார். தார் தளர்ந்திருந்தால் சேலையில் ஊடை, அதாவது குறுக்கு இழை, சரியாக விழாது. இறுகியிருந்தால் இழை அறுந்துவிடும். அந்தப் பதம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். சரிகையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வீணான சரிகை கூலியில் கழியும். தார் தீர்ந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அப்பா கத்துவார். அதனால் அவர் கை நீட்டும் முன்பே அடுத்த தார் அங்கே இருக்கும்.

ஒரு பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தலை நிமிராமல், அம்மா பிணைத்துக்கொண்டே போவாள். பிணைக்கும் நாளில் அப்பாவுக்குத் தறி வேலை இருக்காது. அவர் டீக்கடைக்குப் போய்விடுவார். "இன்னைக்கு வேலை இல்ல" என்று அங்கே சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: அன்றைக்கு எங்கள் வீட்டில் வேலை இல்லை.

அடுத்தது கோர்வை. காஞ்சிப் பட்டின் பெருமையே அதில்தான் இருக்கிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம்; இரண்டும் தனித்தனி ஊடை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று. நெய்பவர் ஒருவரே மூன்றையும் ஓட்ட முடியாது. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரை நாடாவைப் போட வேண்டும். ஊடைக்கு ஊடை, நாள் முழுக்க, சேலை முடியும் வரைக்கும். புடவைக் கடையில் கரையும் உடலும் கோத்துக்கொள்ளும் இடத்தை விரலால் தடவிக் காட்டி "அசல் கோர்வை" என்று விலை சொல்வார்களே, அந்த இடம் இரண்டு பேர் சேர்ந்து செய்தது. ஆனால் நெசவாளர் சங்கத்துப் பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர்தான். கூலியை வாங்குவதும் ஒரு கைதான்.

எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவள் என் அக்கா. என்னைவிட மூன்று வயது பெரியவள். ஏழாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. நிறுத்த வேண்டும் என்று யாரும் முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை. ஒரு நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸ் எனக்கு வந்தது. அதில் காம்பஸ் புதுசாக இருந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். பத்து வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். பத்து வயதுக்குத் தெரியாததுதான். ஆனால் நாற்பத்தைந்து வயதிலும் எனக்குத் தெரியவில்லையே.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் சமையல் தெரியுமா என்று கேட்கவில்லை. "கோர்வைக்கு உட்காருவாளா?" என்றுதான் கேட்டார்கள். "இத்தனை வருஷமா அவதானே உட்கார்றா" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். உள்ளூரிலேயே, அடுத்த தெருவில் கொடுத்தோம். அவள் போன பிறகு அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். தார் சுற்றுவதை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டாள். கல்யாணப் பேச்சில் அக்காவின் உழைப்பை அவர்கள் மிகச் சரியாக எடை போட்டார்கள். உழைப்பு என்று தெரியாமல் யாரும் இருக்கவில்லை. வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கும் தெரிந்திருந்தது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கணக்கெடுப்புக்கு முன்னால் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பொருளாதாரப் பயனுள்ள காரியத்தில் கைகொடுத்தால் அது வேலைதான் என்று அங்கே சொன்னார்கள். பெண்களின் வேலைதான் எப்போதும் விட்டுப்போகிறது, வீட்டு ஆண்கள் 'சும்மா இருக்கா' என்பார்கள், அதை அப்படியே எழுதாதீர்கள், துருவிக் கேளுங்கள் என்றார்கள். 1991 கணக்கெடுப்பிலேயே 'குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் செய்யும் வேலை உட்பட' என்று கேள்வியோடு சேர்த்து அச்சிட்டார்கள். எங்கள் படிவத்திலும் குடும்ப உழைப்பாளி என்பதற்குத் தனியாக ஓர் இலக்கம் இருந்தது. அம்மாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த கட்டம் அது. பயிற்சியில் நான் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். நோட்டில் அடிக்கோடு போட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. ஆக, அறியாமை என்ற சாக்கு எனக்குக் கிடையாது.

அப்படியானால் ஏன் எழுதினேன்?

முதல் காரணம் சோம்பல். 2 போட்டால் வேலை முடிந்தது. 3 போட்டால் என்ன தொழில், எப்படிப்பட்ட தொழிலாளி என்று கட்டங்கள் நீளும். ராத்திரி பத்து மணிக்கு அது ஒரு சுமைதான். ஆனால் அப்பாவுக்கு அதே கட்டங்களைப் பொறுமையாக நிரப்பியிருக்கிறேனே. அதனால் சோம்பல் பாதிக் காரணம்கூட இல்லை.

இரண்டாவது காரணம் கௌரவம். வாத்தியார் வீட்டு அம்மா வேலைக்குப் போகாதவள் என்பது எங்கள் தெருவில் ஒரு பெருமை. ஒரு வீடு மேலே வந்துவிட்டது என்பதற்கு அடையாளமே அந்த வீட்டுப் பெண் கையில் வேலை இல்லாமல் இருப்பதுதான். அம்மா கையில் வேலை இருந்தது. காகிதத்திலாவது அதை இல்லாமல் ஆக்கினேன்.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கு கூசுகிறது. அம்மா உழைத்தாள் என்று ஒப்புக்கொண்டால், நான் படித்த படிப்பு அப்பாவின் பணத்தில் மட்டும் நடந்தது ஆகாது. அக்காவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாசத்துக்கு வட்டி கிடையாது, கூலிக்கு உண்டு. 'பெற்ற தாய் செய்தாள், கூடப் பிறந்தவள் செய்தாள்' என்று இருக்கிற வரைக்கும் நான் யாருக்கும் கடன்காரன் இல்லை.

எங்கள் வீட்டுப் படிவத்தை எழுதிய மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். கணக்கெடுப்பில் எழுதியது ரகசியம், 1948ஆம் வருஷச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதனால் மற்ற வீடுகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அக்கா வீட்டைப் பற்றி எழுத அவளிடமே அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா என்னைப் பாவம்போல எழுதாதே" என்றாள்.

அன்றைக்கு மாமா தறிக்குழியில் இருந்தார். அக்கா அவர் பக்கத்தில். நான் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே பார்த்துக் கேள்வி கேட்டேன். மாமா நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார். அவருக்கு நெசவு. அடுத்து அக்கா. "அவ வீட்லதான்" என்றார் மாமா. சொன்ன அதே நொடியில் அக்கா கரை நாடாவைப் போட்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே 2 போட்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்குத் தறியை விட்டு எழுந்து வந்தவள், என் எதிரில் நின்று படிவத்தைப் பார்த்தாள். தலைகீழாக இருந்த எழுத்தைப் படிக்க அவளுக்குச் சிரமமே இல்லை. நாள் முழுக்கத் தறிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவளுக்குத் தலைகீழ், பக்கவாட்டு எல்லாம் ஒன்றுதான்.

"இந்தக் கட்டத்துல என்னடா போட்டிருக்க?"

"வீடுன்னு, அக்கா."

"அவருக்கு மூணு போட்டிருக்க."

"அது தொழில்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எனக்கும் தட்டு வைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

எத்தனை பெண்களுக்கு அந்த 2 போட்டேன் என்று எண்ணி வைக்கவில்லை. கேட்கும் இடத்தில் கேட்டு, துருவும் இடத்தில் துருவியிருந்தால் பலருக்கு அது வேறு எண்ணாக இருந்திருக்கும். இதில் இன்னொரு கொடுமை, கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை என்பார்கள். 2021இல் கொரோனா காலத்தில் நடக்க வேண்டியது நடக்கவில்லை. அடுத்தது 2027 பிப்ரவரியில்தான். ஆக, அன்றைக்கு நான் போட்ட எண்ணே அதுவரை, பதினாறு வருஷம், எங்கள் தெருப் பெண்களைப் பற்றி நாட்டின் கடைசி வார்த்தையாக நிற்கும்.

இதோடு முடிந்திருந்தால் எழுத்துப் பிழை என்று சொல்லியாவது தப்பித்திருப்பேன். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பிழையை நான் உண்மையாக்கினேன்.

எங்கள் தறிக்குப் போக மீதி நேரத்தில் அம்மா மற்ற வீடுகளுக்கும் தார் சுற்றிக் கொடுப்பாள். வாரத்துக்கு நூறோ நூற்றைம்பதோ வரும். முந்தானையில் முடிந்துகொள்வாள். அந்தக் காசுக்கு அப்பாவிடம் கணக்கு இல்லை. அதில்தான் தெருப் பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டுக்குக் கட்டுவாள். அக்கா வந்தால் பூ வாங்கித் தருவாள். பேத்திக்கு வளையல் வாங்குவாள். 2013இல் ஒரு நாள் எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா கூடையில் தார்களை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய், கையில் காசு வாங்கிக்கொண்டு திரும்பினாள். "அம்மா இன்னும் கூலிக்கு செய்றாங்களா சார்?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டது.

அன்று இரவே சொன்னேன்: "ம்மா, இனிமே வெளியார் தார் வேணாம். நான் சம்பாதிக்கிறது பத்தலையா?" அப்பாவும் ஆமாம் போட்டார். அவருக்கும் கண் மங்கி, தறி பாதி நாள் நின்றுகொண்டிருந்த சமயம். அடுத்த வாரம் ராட்டையைப் பரணில் ஏற்றினேன். அம்மாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

ஒரு மாதம் கழித்து, நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள். "இருபது ரூபாய் இருக்குமாப்பா?" என்றாள். நான் பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் காசு கேட்டது அதுதான் முதல்முறை. ஐம்பதாக எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளை என்ற நினைப்போடு சைக்கிளை மிதித்தேன். சீட்டிலிருந்து அவள் விலகிவிட்டாள் என்பது மூன்று வருஷத்துக்குப் பிறகு, அப்பாவின் காரியத்தன்று, வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. குடிக்காதவர், கைநீட்டாதவர். சங்கத்து ஆண்டு விழாவில் ஒரு கோர்வைச் சேலைக்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் போட்டோ இன்னும் கூடத்தில் தொங்குகிறது. சேலையை நெய்த நாலு கையில் இரண்டு கைதான் போட்டோவில் இருக்கிறது. 2015 முதல் ஆகஸ்ட் 7ஐத் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். 1905இல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் அது. ஒவ்வொரு வருஷமும் பள்ளிக் கூட்டத்தில் நான்தான் பேசுவேன். நெசவாளரின் வியர்வை, என் தந்தையின் தறி என்றெல்லாம் பேசிக் கைதட்டு வாங்குவேன். ஒரு வருஷம்கூட ராட்டை என்ற சொல் என் வாயில் வரவில்லை.

2019இலும் 2020இலுமாகக் கைத்தறிக்கென்றே தனிக் கணக்கெடுப்பு நடந்தது. நாலாவது அகில இந்தியக் கணக்கெடுப்பு. நாடு முழுக்க 35 லட்சத்து 22 ஆயிரம் பேரைப் பதிவு செய்தது. அதில் ஏறத்தாழ எட்டரை லட்சம் பேர் தறியில் உட்காராதவர்கள்: தார் சுற்றுவது, பாவு ஓட்டுவது போன்ற துணை வேலை செய்பவர்கள். நெய்பவர்களிலேயே பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். அசாம், மணிப்பூர் பக்கம் தறி என்றால் பெண்ணுடையது. அந்தப் பக்கத்துப் பெண்கள்தான் இந்தக் கணக்கில் அதிகம். நெசவு ஆண் வேலை, பெண் ஒத்தாசை என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. மரத்தாலும் நூலாலும் ஆன ஒரு தறிக்கு ஆண் பெண் தெரியாது.

அந்தக் கணக்கெடுப்புக்காக எங்கள் தெருவுக்கும் ஆள் வந்தார். நான் வாசலில் நின்று, "இங்க இப்போ அந்த வேலையெல்லாம் யாரும் செய்றதில்லீங்க" என்றேன். அம்மா உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த முறை நான் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஓய்வுக்கு அருகில் வந்தபோது நிறையப் படிக்க ஆரம்பித்தேன். ஆந்திராவில், கோதாவரி டெல்டாவில் நரசாபுரம் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் சொல்லிக் கொடுத்த பின்னல் லேஸ் வேலை அங்கே வீடு வீடாகப் பரவி, வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. அதைப் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாள் முழுக்கப் பின்னுகிறவர்களை வீட்டிலிருக்கும் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் கைவேலை செய்கிறார்கள் என்று எல்லோரும் சொல்லி, அப்படிச் சொல்லியே கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தார்கள். அந்த லேஸை விற்று மேலே வந்தவர்கள் ஆண்கள். அகமதாபாத்தில் 1972இல் இலா பட், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாத இவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று அதிகாரிகள் தயங்கினார்களாம். 1996இல் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் எண் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. இதையும் மறைக்கக் கூடாது. நான் மட்டும் இல்லை, ஊர் உலகமே இப்படித்தான் என்று மனசு லேசானது. ஆணாதிக்கம், அமைப்பு, முறை என்று பெரிய சொற்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு அடியில் என்னைப் போன்றவன் வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம், நல்ல நிழல். ஆனால் அந்த ராத்திரி பேனா என் கையில்தான் இருந்தது. அமைப்பு வந்து என் கையைப் பிடித்து எழுதவில்லை. சொல்லப்போனால், துருவிக் கேள் என்று எழுதி வைத்தது அமைப்புதான்.

பழக்கம் விட்டுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. என் மனைவி வீட்டில் உட்கார்ந்து பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறாள். கடைக்காரர்கள் கொடுத்தனுப்புவார்கள், ஒரு சேலைக்கு இவ்வளவு என்று பேச்சு. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பழைய நண்பர் "வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "சும்மா, பொழுதுபோக்கா ஏதோ கட்டிட்டு இருப்பா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. மனைவி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது, அம்மாவிடம் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையையே பாருங்கள். அப்பா வந்தார், மாமா சொன்னார். அம்மா வந்தாள், அக்கா சொன்னாள். பாசத்தில் வரும் 'ள்' என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். எழுதி முடித்துத் திரும்பப் படிக்கும்போது எல்லாவற்றையும் திருத்திவிடலாமா என்று தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வாக்குமூலத்தில் தடயத்தை அழிக்கக் கூடாது.

போன தை மாதம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எண்பது தாண்டியவள், படிப்பில்லாதவள். புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று ஒத்திகையெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். கணக்கெடுப்பில் உனக்கு வேலை இல்லை என்று எழுதிவிட்டேன் ம்மா, வீட்டு வேலை என்று 2 போட்டேன், தப்பு என்றேன்.

"எத்தினி போட்டிருக்கணும்?" என்றாள்.

"மூணு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒண்ணுதானேடா குறைச்சிருக்க" என்றாள்.

என்னைத் தேற்றினாளா, குத்தினாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. பரிகாரம்போல ஏதாவது செய்ய வேண்டும் என்று பரணில் ஏறி ராட்டையை இறக்கினேன். சக்கரத்தில் ஒரு கட்டை செல்லரித்திருந்தது. துடைத்து அவள் முன்னால் வைத்தேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப எதுக்கு இதை இறக்குன? காசு கேட்டா தர மாட்டியா?" என்றாள். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அவளிடமிருந்து எதை எடுத்துப் பரணில் போட்டேன் என்பது எனக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அக்கா இப்போது தறிக்குழியிலேயே இறங்கிவிட்டாள். மாமாவுக்கு முதுகு போய்விட்டது. பையன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். எங்கள் தெருப் பையன்கள் பாதிப் பேர் அந்தக் கம்பெனி பஸ்களில்தான் ஏறுகிறார்கள். கோர்வைக்கு உட்கார ஆள் இல்லாததால் சாதாரணச் சேலையாக நெய்கிறாள். கூலி குறைவு. பாஸ் புத்தகம் இன்னும் மாமா பெயரில்தான் இருக்கிறது. சங்கத்தில் பேசி உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். "அதுக்கு நான் போய்க்கிறேன். நீ வந்தா உன்னாலதான் கிடைச்சதுன்னு ஆயிடும்" என்றாள்.

2027 கணக்கெடுப்பைப் பற்றிய பேச்சு வந்தது. இந்த முறை காகிதம் இல்லையாம், கைபேசிச் செயலியாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யார் வந்தாலும் நான் கூட இருந்து ஒழுங்காக எழுதச் சொல்கிறேன், விளக்கிச் சொல்கிறேன் என்றேன்.

அக்கா நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ கூட இருக்க வேணாம்டா. வர்றவன் என்னைக் கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

சரி என்று எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்த பிறகும், அவனிடம் எந்தக் கட்டத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே என்று வாய் துடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டேன். உள்ளே தறிச் சத்தம் மறுபடி ஆரம்பித்திருந்தது.